தமன்ராசெட் வரை ஒரு தார்ச்சாலை: மணலுக்குக் காத்திருந்து மழையில் உடைந்த நெடுவழி குறித்த நிகழ்வு ஆய்வு

## ஆய்வின் எல்லை

அல்ஜீரியாவின் 1ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தலைநகர் அல்ஜியர்ஸில் மத்தியதரைக் கடலோரம் தொடங்கி, அட்லஸ் மலைத்தொடரைக் கடந்து, கர்தாயா, எல் கோலேயா, இன் சாலா, தமன்ராசெட் ஆகிய ஊர்கள் வழியாகத் தெற்கே இறங்கி, நைஜர் எல்லையோர ஊரான இன் கெஸ்ஸாமை அடைகிறது. அல்ஜியர்ஸிலிருந்து லாகோஸ் வரை திட்டமிடப்பட்ட சகாரா கடப்புச் சாலையின் முதுகெலும்பும் இதுவே. இந்த நீண்ட வழி முழுவதையும் ஆராய்வது இங்கே நோக்கமன்று. எல் கோலேயாவிலிருந்து தமன்ராசெட் வரையிலான, 1,000 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட பகுதி 1970களில் எவ்வாறு கட்டப்பட்டது, அதிலும் இன் சாலாவுக்குத் தெற்கிலுள்ள ஏறத்தாழ 700 கி.மீ. ஏன் சில ஆண்டுகளிலேயே சிதைந்தது, அதன்பின் என்ன செய்யப்பட்டது என்பவற்றை மட்டும் இப்பதிவு எடுத்துக்கொள்கிறது. திட்டமிட்டவர்கள், கட்டியவர்கள், ஓட்டியவர்கள் ஆகியோரின் பெயர்கள் இதில் இடம்பெறவில்லை.

## பின்னணி

1962இல் விடுதலை பெற்ற அல்ஜீரியாவின் பரப்பு ஏறத்தாழ 23.8 லட்சம் சதுர கி.மீ. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சகாராப் பாலைநிலம். மக்களில் பெரும்பாலோர் வாழ்வதோ வடக்கே கடலை ஒட்டிய குறுகிய பட்டையில். பிரெஞ்சு ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் பாலைநிலத்தில் போடப்பட்ட சாலைகள், 1956இல் ஹாஸி மெசவூதில் எண்ணெய் கண்டறியப்பட்ட பிறகு, பெரும்பாலும் எண்ணெய் வயல்களை நோக்கியே சென்றன. ஹொக்கார் மலைப் பகுதியின் தலைமை ஊரான தமன்ராசெட்டுக்குச் செல்ல இருந்தவை மண்தடங்களே. எல் கோலேயாவைத் தாண்டினால் லாரிகள் வழிகாட்டக் குவித்து வைத்த கற்களையும் முன்சென்ற வண்டிகளின் சக்கரத் தடங்களையும் பார்த்தே திசை பிடித்தன.

புதிய அரசுக்கு இந்தச் சாலை இரண்டு காரணங்களுக்காகத் தேவைப்பட்டது. வரைபடத்தில் மட்டும் தன்னுடையதாக இருந்த தெற்கை நிர்வாகத்தின் கைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது உள்நாட்டுக் காரணம். சகாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகளுடன் ஐரோப்பாவின் தயவில்லாத தரைவழித் தொடர்பு வேண்டும் என்பது அரசியல் காரணம். 'ஆப்பிரிக்க ஒற்றுமைச் சாலை' என்று அதற்குச் சூட்டப்பட்ட பெயரே இதைச் சொல்லும். 1966இல் அல்ஜியர்ஸைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த சகாரா கடப்புச் சாலை இணைப்புக் குழுவில் அல்ஜீரியாவுடன் துனீசியா, மாலி, நைஜர் ஆகிய நாடுகள் இருந்தன. நைஜீரியாவும் சாடும் பின்னர் சேர்ந்தன. சாலையின் பயன் குறித்த கணக்கில் இந்த அரசியல் எடை எப்போதும் ஒரு பக்கத் தட்டில் இருந்ததென்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பின்வரும் முடிவுகளைப் படிக்க வேண்டும்.

## வழித்தடத் தெரிவு

தெற்கே செல்ல அன்று அறியப்பட்ட பெருவழிகள் இரண்டு. மேற்கே, அத்ரார், ரெக்கான் வழியாகத் தனெஸ்ரூஃப்த் சமவெளியைக் கடந்து மாலியின் காவோவுக்குச் செல்வது ஒன்று. இது தட்டையான நிலம். மலையில்லை, ஆழமான காட்டாறுகள் இல்லை. ஒரு பொறியாளரின் கண்ணுக்கு இதைவிட எளிய நிலம் கிடைப்பது அரிது. ஆனால் ரெக்கானை விட்டால் 600 கி.மீ.க்கும் மேல் நிலையான நீரும் குடியிருப்பும் கிடையாது. மற்றது, இன் சாலாவிலிருந்து அராக் பள்ளத்தாக்கு வழியாக ஹொக்கார் மலைச்சரிவில் ஏறி, 1,400 மீட்டர் அளவு உயரத்திலுள்ள தமன்ராசெட்டை அடைந்து, அங்கிருந்து நைஜர் பக்கமும் மாலிப் பக்கமும் பிரிவது.

தேர்ந்தெடுக்கப்பட்டது ஹொக்கார் வழி. கட்டுவதற்குக் கடினமானதென்று தெரிந்தே எடுத்த முடிவு இது, காரணமும் நியாயமானது. ஆளில்லாத சமவெளியில் போடப்படும் சாலை எவருக்கும் பணி செய்யாது, பழுதானால் எவரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஹொக்கார் வழியில் ஊர்கள் இருந்தன, கிணறுகள் இருந்தன, இணைக்கப்பட வேண்டிய மக்கள் இருந்தனர். இந்த முடிவைப் பின்னாளைய சிதைவுக்குப் பொறுப்பாக்குவோர் உண்டு. என் கணிப்பில் அது சரியன்று. வழித்தடம் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் அந்தத் தேர்வு தன்னுடன் அழைத்துவந்த விருந்தாளியான மலைநீர்தான் போதிய அளவு கணக்கில் எடுக்கப்படவில்லை.

## 1971: பணி தொடக்கம்

1968இல் அல்ஜீரியாவில் கட்டாயத் தேசியச் சேவை கொண்டுவரப்பட்டிருந்தது. சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களை ஆயுதப் பயிற்சியோடு நிறுத்தாமல் நாட்டுக் கட்டுமானத்திலும் ஈடுபடுத்துவது அப்போதைய ஆட்சித்தலைவர் பூமெதியெனுடைய அரசின் கொள்கை. பாலை வடக்கே பரவாமலிருக்க மரங்கள் நட்ட 'பசுமை அணை'த் திட்டமும் அதே ஆண்டுகளில் அதே கைகளால் நடந்தது. எல் கோலேயாவில் 1971இல் சாலைப் பணி தொடங்கியபோது, சம்மட்டியும் மண்வெட்டியும் பிடித்தவர்களில் பெரும்பாலோர் வடக்கின் நகரங்களிலிருந்தும் மலைக்கிராமங்களிலிருந்தும் வந்த, பாலைவனத்தை அதற்குமுன் கண்டிராத இளைஞர்கள்.

இந்த முடிவின் இலாப நட்டத்தை நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூலிச் செலவு குறைந்தது, வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்களைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை தவிர்க்கப்பட்டது, நாட்டின் இரு முனைகளும் ஒன்றையொன்று அறிந்தன. எதிர்ப்பக்கத்தில், சேவைக்காலம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் வீடு திரும்பியது. எல் கோலேயாவுக்கும் இன் சாலாவுக்கும் இடையிலுள்ள ததெமாயித் பீடபூமியின் கல்தரையில் ஒருவர் கற்றுக்கொண்டது அராக் பள்ளத்தாக்கில் வேலை செய்ய வந்தவருக்குப் போய்ச் சேர வழியில்லை. சாலை கட்டியவர்களில் எவரும் அதைப் பராமரிப்பதற்காக அங்கேயே தங்கவில்லை என்பது பின்னாளில் பெரிதாகத் தெரிந்தது.

## சாலையின் உடம்பு எதனால் ஆனது

இந்த ஆய்வில் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வடக்கே சாலை போடும்போது உடைகல் ஜல்லியை அடுக்கி, நீர் தெளித்து, உருளையால் இறுக்கி, மேலே தார்க்கலவை இடுவார்கள். சகாராவில் கல்லுடைக்கும் ஆலை தொலைவில், தண்ணீர் அதைவிடத் தொலைவில். எண்ணெய்ச் சாலைகள் போட்ட காலத்திலேயே இதற்கொரு மாற்று முறை உருவாகியிருந்தது. நிலத்தின் மேற்பரப்பிலேயே சுண்ணாம்பும் ஜிப்சமும் இறுகிப் படிந்த ஒரு வெளிர்மண் பல இடங்களில் கிடைக்கும். அல்ஜீரியச் சாலைக்காரர்கள் அதைத் 'துஃப்' என்பார்கள். அதைப் பெயர்த்து, பரப்பி, கிடைத்த குறைந்த நீரில் இறுக்கினால், காய்ந்ததும் கல்லுக்கு நிகராகக் கெட்டிப்படும். அதன்மேல் மெல்லிய தார்ப்பூச்சும் பொடிஜல்லியும் போதும். மலிவானது, விரைவானது, உள்ளூர்ப் பொருளால் ஆனது. எண்ணெய் வயல்களில் நன்றாகவே உழைத்தது.

ஆனால் துஃப்பின் வலிமை முழுவதும் அது உலர்ந்திருக்கும் வரைதான். நனைந்தால் தளர்ந்துவிடும். அதனால் அந்த மெல்லிய தார்ப்பூச்சுக்கு இரண்டு வேலைகள்: சக்கரத்தைத் தாங்குவது, அதைவிட முக்கியமாக நீர் உள்ளே இறங்காமல் மூடியிருப்பது. இன் சாலாவில் கோடைப் பகல் 45 பாகையைத் தொடும். குளிர்கால இரவுகளிலோ ஹொக்கார் பக்கம் நீர் உறையும். இந்த ஏற்ற இறக்கத்திலும் வெயிலிலும் தார் தன் எண்ணெய்ப்பசையை இழந்து இறுகி, மயிரிழை அளவில் வெடிக்கத் தொடங்குகிறது. உவர்நிலங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: அடிமண்ணின் உப்பு ஈரத்தோடு மேலேறி, பூச்சுக்கு அடியில் படிகமாகி, அதைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். கொப்புளம் உடைந்தால் அதுவும் ஒரு திறப்பு. இவ்விரண்டும் அன்றே அறியப்பட்ட நிகழ்வுகள். அவற்றுக்கான மருந்தும் தெரிந்ததே: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேற்பூச்சைப் புதுப்பிக்க வேண்டும். தொடர்ந்து பூசிக்கொண்டிருந்தால் மட்டுமே நிற்கும் சாலை இது என்பதை மனத்தில் கொள்க.

மணலைப் பொறுத்தவரை எச்சரிக்கை குறைவாக இல்லை. சாலையைத் தரைமட்டத்தைவிடச் சற்று உயர்த்தி, பக்கங்களைப் படிப்படியாகச் சரித்தால் காற்று மணலைத் தன்னோடு சுமந்து கடந்துவிடும். பள்ளமாக வெட்டிய இடத்தில் அதையே இறக்கி வைக்கும். இதை அறிந்தே மேடுகள் அமைக்கப்பட்டன, வெட்டுகள் தவிர்க்கப்பட்டன. மணற்குன்றுகள் நகரும் இன் சாலா பகுதியில், பேரீச்சை ஓலையால் வேலி கட்டி மணலை வேண்டிய இடத்தில் குவித்து நிறுத்தும் பாலைவனச் சோலைகளின் பழைய முறையும் அறியப்பட்டதே. பாலைவனம் என்றதும் மனம் மணலையே முதலில் நினைக்கிறது. திட்டத்தின் கவனமும் அவ்வாறே அங்கு குவிந்தது.

## சாலை வந்து சேர்ந்த பிறகு காணப்பட்டவை

1978இல் தார்ச்சாலை தமன்ராசெட்டை எட்டியது. அதன் பயன் உடனே தெரிந்தது. வடக்கிலிருந்து வரும் மாவு, சர்க்கரை, எரிவாயு உருளை, சிமென்ட் ஆகியவை நாள்கணக்கில் மண்தடத்தில் குலுங்காமல் வந்து சேர்ந்தன. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் வடக்கிலிருந்து ஆட்கள் வந்தனர். அதுவரை சில ஆயிரம் பேர் கொண்ட ஊராக இருந்த தமன்ராசெட், 2008 கணக்கெடுப்பில் 90,000ஐத் தாண்டியது. வேறொரு சாலை வழியே இவ்வளவு பேர் வந்திருக்க முடியாது.

சிதைவும் அதே வேகத்தில் தெரிந்தது. முதலில் விரிசல், பிறகு ஓரங்கள் உதிர்தல், பிறகு குழி. இன் சாலாவுக்குத் தெற்கே, குறிப்பாக அராக்கை ஒட்டிய பகுதிகளில், காட்டாறுகள் சாலையைக் குறுக்கே கடந்த இடங்களில் துண்டு துண்டாக அடித்துச் செல்லப்பட்டது. இன் சாலாவில் ஆண்டுக்கு 15 மில்லிமீட்டர் அளவே மழை. தமன்ராசெட்டில் அதைவிடச் சற்றுக் கூடுதல், 50 மில்லிமீட்டருக்கு அருகில். ஆனால் சராசரி என்பது இங்கே ஏமாற்றும் எண். ஓராண்டு முழுதும் ஒரு துளியும் இல்லாமலிருந்து, மறு ஆண்டு ஒரே மாலையில் மலைமேல் மொத்தமும் கொட்டும். செடி கொடி இல்லாத பாறைச்சரிவில் அதை உறிஞ்ச எதுவுமில்லை. மழை பெய்த இடத்திலிருந்து பல கி.மீ. தள்ளி, வெயில் காயும் வானத்தின்கீழ் உலர்ந்த ஆற்றுப்படுகையில் நீர் சுவராக வந்து நிற்கும். தரைப்பாலங்கள் இருந்தன. நீர் அவற்றின் மேல் ஓடிக் கடந்ததோடு நில்லாமல், கீழ்ப்புற விளிம்பைத் தோண்டி அடித்தளத்தைக் குடைந்தது. அடுத்த லாரியின் கனத்தில் விளிம்பு உட்கார்ந்தது.

மூன்றாவது காரணம் லாரியின் கனம். அல்ஜீரியாவில் சாலை வடிவமைப்புக்குக் கொள்ளப்படும் அச்சுச் சுமை, அதாவது வண்டியின் ஓர் அச்சு சாலைமீது இறக்கும் எடை, 13 டன்; உலக அளவில் பார்த்தால் இதுவே மிகுதியான பக்கத்தில் உள்ளது. திரும்பி வரும்போது சுமையில்லை என்பதால் போகும்போதே கட்டணத்தை ஈட்டிவிட வேண்டும் என்ற கணக்கில், தெற்கே போகும் லாரிகள் அந்த வரம்பையும் மதித்து ஏற்றவில்லை. அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது 1960களிலேயே நிறுவப்பட்ட கணக்கு. விரிசல் விட்ட பூச்சும் நனைந்த துஃப்பும் அந்தப் பாரத்தை எப்படித் தாங்கும்?

## ஓட்டுநர்கள் எடுத்த முடிவு

1980களின் நடுப்பகுதியில் இந்த வழியில் சென்ற எவரும் கவனித்திருக்கக்கூடிய ஒன்று உண்டு: அரசு கோடிக்கணக்கில் செலவிட்டுப் போட்ட தார்ச்சாலை ஓரமாகக் கிடக்க, லாரிகள் அதற்கு இணையாகப் பாலைத்தரையில் போயின. குழி விழுந்த தாரில் வேகத்தைக் குறைத்து, வளைந்து வளைந்து செல்வதைவிட, அருகிலுள்ள மண்தடத்தில் சீராகச் செல்வது ஸ்பிரிங் பட்டைக்கும் டயருக்கும் நல்லது என்று அவர்கள் கண்டுகொண்டனர். மண்தடத்திலும் குறுக்கு வரிகள் நெளித்தகடுபோல் விழும். மெல்லச் சென்றால் வண்டி கழன்றுவிடும் அளவுக்கு உலுக்கும். 70, 80 கி.மீ. வேகத்துக்கு ஏற்றிவிட்டால் சக்கரம் மேடுகளின் தலையை மட்டும் தொட்டு ஓடும், உலுக்கல் அடங்கும். அந்த வேகத்தில் பிரேக் பிடிப்பது மட்டும் ஓட்டுநரின் விருப்பத்தில் இல்லை. ஒரு தடம் கெட்டதும் பக்கத்தில் இன்னொன்று. நாளடைவில் சாலையின் இருபுறமும் பல தடங்கள் விரிந்தன. அவற்றிலிருந்து எழுந்த தூசியும் பெயர்ந்த மணலும் கிடந்த தாரின் மேல் படிந்தன.

இதே வழியில்தான் அக்காலத்தில் ஐரோப்பியர் பலர் பழைய பியூஜோ 504 கார்களை ஓட்டிச்சென்று சகாராவுக்குத் தெற்கே விற்றனர். அராக்கைத் தாண்டியுள்ள மூலாய் ஹசன் என்ற பெரியவரின் அடக்கத்தலத்தை வண்டியோடு மூன்று முறை வலம்வந்த பிறகே பயணத்தைத் தொடரும் வழக்கம் ஓட்டுநர்களிடம் இருந்தது. வழியின் அபாயத்தை அவர்கள் எவ்வளவு அறிந்திருந்தனர் என்பதற்கு அது போதிய சான்று.

ஓட்டுநர்களின் இந்த விலகலை ஒழுங்கின்மை என்று பார்ப்பது எளிது. என் பார்வையில், சாலைத் துறைக்குக் கிடைத்த மிகத் துல்லியமான, செலவில்லாத ஆய்வறிக்கை அதுதான்: எந்த இடத்தில் தடம் தாரைவிட்டு இறங்குகிறது, எங்கே மீண்டும் ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு போயிருந்தால் பழுதின் முழு வரைபடமும் கையில் வந்திருக்கும்.

## பழுது ஏன் உடனே நீக்கப்படவில்லை

1986இல் எண்ணெய் விலை சரிந்தது. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதி எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வந்ததால், அரசின் வரவு நேரடியாகக் குறைந்தது. 1990களில் உள்நாட்டுப் போர் நாட்டை உலுக்கியது. இவ்விரண்டும் உண்மையான தடைகளே. ஆனால் இவற்றை மட்டும் சொல்லி முடித்தால் ஒன்று மறைந்துவிடும்: விலை சரிவதற்கு முன்பே சாலை சிதையத் தொடங்கிவிட்டது. புதிய சாலைக்குத் தலைவர்கள் வந்து நாடா வெட்டுவார்கள், நிதி ஒதுங்கும். மேற்பூச்சைப் புதுப்பிப்பதற்கு யாரும் வரமாட்டார்கள். 700 கி.மீ. நெடுக ஆள் நடமாட்டம் குறைந்த சாலையைக் கண்காணிக்க இடையிடையே தங்கியிருக்கும் பணியாளர் குழுக்கள் தேவை. கட்டுமானத் திட்டத்தில் அதற்குரிய இடம் ஒதுக்கப்படவில்லை.

## பின்னர் எடுக்கப்பட்ட முடிவுகளும் விளைவும்

2000களில் எண்ணெய் விலை உயர்ந்து, நாட்டில் அமைதியும் திரும்பியபின், சாலை பகுதி பகுதியாக மீட்டுக் கட்டப்பட்டது. அதே காலத்தில் தேசிய நெடுஞ்சாலைகளை ஒட்டிப் பராமரிப்பாளர்கள் தங்கி வேலை செய்யும் நிலையங்களும் அமைக்கப்பட்டன. தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியது இது. தமன்ராசெட்டிலிருந்து இன் கெஸ்ஸாம் வரையிலான ஏறத்தாழ 400 கி.மீ.யும் பின்னர் தார்ச்சாலையானது. சகாரா கடப்புச் சாலையின் அல்ஜீரியப் பகுதி இப்போது முழுவதும் தாரிட்டதே. வடக்கே, ப்லீதாவுக்கும் மெதெயாவுக்கும் இடையிலுள்ள ஷிஃபா மலையிடுக்கில் நெடுங்காலமாக நெரிசலில் திணறிய பகுதிக்குச் சுரங்கங்களும் உயர்பாலங்களும் கொண்ட மாற்றுவழி கிடைத்தது.

சாலை வளர்த்த ஊருக்குச் சாலையால் மட்டும் தீராத பற்றாக்குறையும் வந்தது. தமன்ராசெட்டின் மக்கள்தொகைக்கு அங்குள்ள நிலத்தடி நீர் போதவில்லை. இன் சாலாப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து ஏறத்தாழ 750 கி.மீ. தொலைவுக்குக் குழாய் பதித்து, 2011இல் நீர் கொண்டுவரப்பட்டது. இந்த வேலைக்கான குழாய்களையும் எந்திரங்களையும் சுமந்துவந்த கனரக வண்டிகளும் இந்தச் சாலையைத்தான் பயன்படுத்தியாக வேண்டியிருந்தது. பழுதுபார்ப்பும் பழுதாக்குதலும் ஒரே ஆண்டுகளில் ஒரே சாலையில் நடந்தன என்பதைப் பிந்தைய திட்டங்களின் செலவுக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இன்றும் கனமழை ஆண்டுகளில் காட்டாறுகள் தெற்குச் சாலைகளைத் துண்டிக்கும் செய்தி வரத்தான் செய்கிறது. மணலால் சாலை மூடுவதும் உண்டு. ஆனால் மணலைத் தள்ளி ஒதுக்க ஓர் எந்திரமும் ஒரு பகலும் போதும். நீர் குடைந்த தரைப்பாலத்தை மீட்க வாரங்கள் ஆகும்.

## மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

வழித்தடத்தை மாற்ற வேண்டியதில்லை. துஃப்பையும் கைவிட வேண்டியதில்லை. அந்தத் தொலைவில் அதைவிட்டால் கட்டுப்படியாகும் பொருள் வேறில்லை. காட்டாறு குறுக்கிடும் இடங்களில் மட்டும் அதைத் தவிர்த்து, சிமென்டால் கெட்டிப்படுத்திய அடித்தளமும், தரைப்பாலத்தின் கீழ்ப்புற விளிம்பில் ஆழமான காப்புச்சுவரும் கொடுத்திருந்தால், சாலையின் நீளத்தில் மிகச் சிறிய பகுதிக்கான கூடுதல் செலவில் பெரும்பாலான துண்டிப்புகளைத் தவிர்த்திருக்கலாம்.

இரண்டாவதாக, கர்தாயாவில் ஓர் எடைமேடை. தெற்கே செல்லும் சரக்கெல்லாம் அங்கே குவிந்துதான் பிரிகிறது.  சட்டப்படியான சுமையை அங்கே உறுதிசெய்தால் கட்டணம் உயரும், தமன்ராசெட்டில் மாவு மூட்டையின் விலையும் சற்று ஏறும் என்ற எதிர்ப்பு வரும். அந்த எதிர்ப்புக்குப் பதில், சரக்குக் கட்டணத்துக்கு அரசே மானியம் தருவது. தெற்குப் பகுதிகளுக்கான போக்குவரத்துச் செலவை ஈடுசெய்யும் ஏற்பாடு அல்ஜீரியாவுக்குப் புதியதன்று. சாலையைத் திரும்பக் கட்டுவதைவிட அது மலிவாகவே முடியும்.

மூன்றாவது, ஆட்கள். தேசியச் சேவை முடித்த இளைஞர்களில் விரும்பியவர்களையும், அதைவிட முன்னுரிமை கொடுத்து அந்நிலத்தை அறிந்த உள்ளூர்த் துவாரெக் இன இளைஞர்களையும், வழிநெடுகப் பராமரிப்பு நிலையங்களில் நிலையான ஊதியத்துடன் அமர்த்தியிருக்கலாம். எந்தக் காட்டாறு எப்போது இறங்கும், அதன் பழைய படுகை எது, சாலை அதன் குறுக்கே எங்கே அமர்ந்திருக்கிறது என்பவை அவர்களுக்கு அளவைக்கருவி இல்லாமலே தெரிந்தவை. அந்நிலையங்கள் ஒவ்வொன்றிலும் தார்ப்பீப்பாய்கள் சிலவும், பொடிஜல்லிக் குவியல் ஒன்றும், சிறு உருளை ஒன்றும் இருந்தாலே விரிசல் குழியாவதற்குள் மூடிவிடலாம். அதற்கான ஆண்டு ஒதுக்கீட்டைக் கட்டுமான ஒப்பந்தத்தோடு சேர்த்து, சாலை திறக்கும் நாளுக்கு முன்பே சட்டப்படி உறுதிசெய்திருக்க வேண்டும்.